திங்கட்கிழமை வயிற்றுவலியும் மருந்துக் கணக்கும்

பள்ளி வரவுசெலவில் மருந்துக்கு ஒதுக்கிய தொகை அரையாண்டுக்குள்ளேயே தீர்ந்துபோனதுதான் முதல் அறிகுறி. கணக்கில் பிழை இருக்கும் என்று எண்ணி இரண்டு நாட்கள் ரசீதுகளைச் சரிபார்த்தேன், எதுவும் பிசகவில்லை. மருந்து பெரும்பாலும் பிள்ளைகளின் வயிற்றுவலிக்கே போயிருந்ததால், அடுத்து மதிய உணவைச் சந்தேகித்தோம். வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளுக்கும் அதே வயிற்றுவலி இருந்ததால் அந்த ஐயமும் நிற்கவில்லை. குடிநீர்த் தொட்டியில், கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினில் எஞ்சியது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தது. குழாய் முனையில் 0.2 இருந்தாலே போதும் என்பதால் தண்ணீரையும் விட்டுவிட்டோம். அதுதான் தவறு.

நோயறைப் பதிவேட்டைப் பெயர்வாரியாகப் பார்த்தவரை ஒன்றும் புலப்படவில்லை. கிழமைவாரியாகப் பிரித்தபோது, பெரும்பாலானவை திங்கள், செவ்வாய்க் கிழமைகளில், அதுவும் மாடியின் கடைசிக் குழாயை ஒட்டிய மூன்று வகுப்புகளிலிருந்து வந்தவை எனத் தெரிந்தது. நாங்கள் தொட்டியைச் சோதித்ததோ புதன்கிழமை!

திங்கள் காலை யாரும் குழாயைத் திறக்குமுன் அங்கே பிடித்த முதல் நீரில் சோதனை மாத்திரையைப் போட்டேன். குளோரின் இருந்தால் தோன்ற வேண்டிய இளஞ்சிவப்பு துளியும் வரவில்லை. விடுமுறையில் குழாய்க்குள் தேங்கிய நீரில் குளோரின் முழுவதும் தீர்ந்திருந்தது.

இப்போது திங்கள்தோறும், அந்த நிறம் வரும்வரை நீரை வெளியேற்றிய பிறகே பிள்ளைகளைக் குடிக்க விடுகிறோம். அங்கிருந்து பிரிந்த, பயன்பாட்டில் இல்லாத கிளைக்குழாயையும் வெட்டி அடைத்துவிட்டோம். சோதனை மாத்திரைக்கென வரவுசெலவில் தனித் தலைப்பு ஒன்று சேர்ந்திருக்கிறது. மருந்துச் செலவு பழைய அளவுக்குத் திரும்பியதில் நிம்மதி.