நிலைமை வரைபடத்தை மனப்பாடமின்றி வாசிக்கும் முறை

திருநெல்வேலிச் சீமையின் மேற்கே, மலையடிவாரத்து நைஸ் என்னும் உருமாறிய பாறையை உடைத்துப் பார்த்தால், சிவந்த கார்னெட் மணிகளைச் சுற்றி வெண்ணிற இழைகளாகச் சிலிமனைட் என்னும் கனிமம் ஓடுவதைக் காணலாம். அது எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் நிலைபெற்றது என்பதை அறியவே, எந்த வெப்ப அழுத்தத்தில் எந்தக் கனிமம் நிலையானது என்று காட்டும் நிலைமை வரைபடம் (phase diagram) தேவைப்படுகிறது.

கயனைட், அண்டலூசைட், சிலிமனைட் ஆகிய மூன்றும் ஒரே வேதியியல் இயைபு கொண்டவை என்பதால், முதலில் பழக இவற்றின் வரைபடமே உகந்தது. கிடையச்சில் வெப்பநிலையையும் நிலையச்சில் அழுத்தத்தையும் வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் எந்தக் கனிமத்தின் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் (Gibbs free energy, நிலைப்பை ஒப்பிட உதவும் ஆற்றல் அளவு) மிகக் குறைவு என்று கேளுங்கள். அதுவே அங்கு நிலையானது. இரண்டின் ஆற்றல் சமமாகும் இடங்கள் கோடுகளாகின்றன. மூன்றும் சமமாகும் மும்மைப்புள்ளி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபார் அளவில், அதாவது சுமார் 15 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் அமைகிறது.

கிப்ஸின் நிலைமை விதிப்படி, கூறுகளின் (இயைபைச் சொல்லத் தேவையான வேதிப்பொருள்களின்) எண்ணிக்கையிலிருந்து நிலைமைகளின் (இங்கு, உடனிருக்கும் கனிமங்களின்) எண்ணிக்கையைக் கழித்து 2 கூட்டினால், நம் விருப்பப்படி மாற்றத்தக்க மாறிகள் எத்தனை என்பது கிடைக்கும். இங்கு கூறு ஒன்றே; ஆகவே ஒரு கனிமம் மட்டும் நிலைக்கும் பரப்பில் 2, இரண்டு சேரும் கோட்டில் 1, மூன்றும் சேரும் மும்மைப்புள்ளியில் 0.

மாணவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது கோட்டின் சாய்வில்தான். என்ட்ரோபி (அணுக்களின் ஒழுங்கின்மையின் அளவு) மாற்றத்தைக் கன அளவு மாற்றத்தால் வகுத்தால் சாய்வு வரும் என்பது கிளாபிரான் சமன்பாடு. கயனைட் சிலிமனைட்டாக மாறும்போது ஒரு மோலுக்கு என்ட்ரோபி சுமார் 12 ஜூல்/கெல்வினும், கன அளவு சுமார் 5.7 கன சென்டிமீட்டரும் கூடுவதால், கோடு டிகிரிக்கு ஏறத்தாழ 21 பார் வீதம் மேலேறுகிறது. அண்டலூசைட் சிலிமனைட்டாகும்போதோ என்ட்ரோபி கூடினாலும் கன அளவு சற்றே சுருங்குவதால், கோடு வலப்புறம் கீழிறங்குகிறது. இந்த இரு கணக்குகளையும் தாளில் போட்டுப் பார்த்தவருக்கு வரைபடத்தை நினைவிலிருந்தே வரைய வரும்.

வரைபடம் சமநிலையை மட்டுமே சொல்லும். மாற்றத்தின் வேகத்தைச் சொல்லாது. மேற்பரப்பின் வெப்ப அழுத்தத்தில் நிலையானது கயனைட்டே என்றாலும், குளிர்ந்த பாறையில் வினை மிக மந்தமாகிவிடுவதால் நம் கையிலுள்ள சிலிமனைட் அப்படியே தங்கியிருக்கிறது. மேலும், சிலிமனைட் மட்டும் இருப்பது ஒரு பரப்பையே காட்டும், புள்ளியை அன்று. வெப்பநிலையைக் குறுக்க, கார்னெட்டும் பயோடைட் என்னும் கருநிற மைக்காவும் இரும்பையும் மக்னீசியத்தையும் பகிர்ந்துகொண்ட விகிதத்தை அளக்க வேண்டும். அப்போதும் கார்னெட்டின் விளிம்பு குளிரும்போது இயைபு மாறியிருக்கக்கூடும் என்பதால், மையப்பகுதியின் அளவீட்டைத் தவறாமல் சேர்த்து ஒப்பிடுங்கள்.