ஆதரவை வாபஸ் வாங்கச் சொல்லும் முன்: பிரைமரி காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். விருப்ப மனு, நேர்காணல், கடைசி நேரப் பட்டியல் என்று பழகி, இங்கே குடியேறிய தமிழர்களான நமக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான். எல்லாரும் ஒரே கட்சி, கொள்கையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் வாக்காளர் எதை வைத்து முடிவெடுப்பார்? தான் மதிக்கும் ஒருவர் யார் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பார். 2020 பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் ஜிம் கிளைபர்ன், அதிபர் வேட்பாளர் போட்டியில் ஜோ பைடனுக்கு ஆதரவு அறிவித்தார். அதற்கு முன் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா மூன்றிலும் பைடன் தோற்றிருந்தார். மூன்றே நாளில் தென் கரோலினாவில் பெரிய வெற்றி.

அதனால்தான், உங்கள் தொகுதி உறுப்பினர் உங்களுக்குக் கொஞ்சமும் ஒப்பாத ஒருவரை ஆதரித்துவிட்டால் வயிறு எரிகிறது. உடனே போனை எடுக்கிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

நாம் அழைப்பது பெரும்பாலும் அவருடைய வாஷிங்டன் அலுவலகத்தை. அது அரசுப் பணத்தில் நடக்கும் அலுவலகம். அதன் ஊழியர்களோ, தொலைபேசியோ, கட்டடமோ தேர்தல் வேலைக்குப் பயன்படக் கூடாது என்பது அவையின் நெறிமுறை விதி. பாஸ்போர்ட் தாமதம், விசா சிக்கல், மசோதா பற்றிய கருத்து என்றால் கேட்டுக்கொள்வார்கள். ‘இன்னாருக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெறுங்கள்’ என்றால், மறுமுனையில் இருக்கும் இளைஞர் பணிவாக, “அது பிரசாரக் குழு சம்பந்தப்பட்டது, இங்கே பேச முடியாது” என்று முடித்துவிடுவார். அலட்சியப்படுத்திவிட்டார்கள் என்று நாம் கோபித்துக்கொள்கிறோம். பாவம், அந்தப் பிள்ளை விதியைத்தான் பின்பற்றினார். ஆதரவு பற்றிய கடிதம் போக வேண்டிய இடம் அவருடைய தேர்தல் பிரசாரக் குழு. ஃபெடரல் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்த குழு என்பதால் அதன் முகவரி பொதுவில் கிடைக்கும். அதைவிட நல்லது, அவர் தொகுதிக்கு வரும்போது நடக்கும் கட்சிக் கூட்டத்தில் நேருக்கு நேர் கேட்பது.

அடுத்தது, யார் கேட்கிறார்கள் என்பது. வேறு மாநிலத்திலிருந்து வரும் ஐந்நூறு மின்னஞ்சலைவிட, தொகுதிக்குள் வீடு வீடாகப் போய் அவருக்காக ஓட்டுக் கேட்ட ஐந்து பேரின் கையெழுத்துக்கு எடை அதிகம். ஒரே வாசகத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லாரும் நகலெடுத்து அனுப்புவது நம்மவர்களுக்குப் பிடித்த வேலை. வந்து சேரும் இடத்தில் அதெல்லாம் சேர்ந்து ஒரே கடிதமாகத்தான் தெரியும்.

எதைச் சொல்லிக் கேட்பது? இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம். வேட்பாளரின் குற்றப் பட்டியலைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆதரவு கொடுத்தவருக்கு அதில் முக்கால்வாசி முன்பே தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.

2008-ஐப் பாருங்கள். ஜார்ஜியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லூயிஸ், கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் செல்மா பாலத்தில் போலீஸிடம் அடிபட்டவர். கிளின்டன் குடும்பத்தோடு நெடுங்காலப் பழக்கம். 2007 அக்டோபரில், அதிபர் வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளின்டனுக்கு ஆதரவு அறிவித்தார். 2008 பிப்ரவரி 5 அன்று நடந்த ஜார்ஜியா பிரைமரியில் அவருடைய அட்லாண்டா தொகுதி பெருவாரியாக ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டது. அந்த மாதம் 27-ஆம் தேதி லூயிஸ் ஒபாமா பக்கம் வந்தார். ஹிலாரி கெட்டவர் என்று யாரோ நிரூபித்ததால் அவர் மாறவில்லை. தன்னைத் தேர்ந்தெடுத்த மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது அவர் கண்ணெதிரே இருந்தது. அந்த ஆண்டு அவருடைய இடத்துக்கே உட்கட்சியில் போட்டியும் வந்தது. மாறியபோதும் அவர் ஹிலாரியைத் தூற்றவில்லை, தூற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. தொகுதியின் மனநிலையைக் காரணமாகக் காட்டினால், ஆதரவு கொடுத்தவருக்கு மரியாதையோடு திரும்பிப் போக ஒரு வழி இருக்கும். ‘தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள்’ என்று தொடங்கினால் அந்த வழியை நாமே அடைக்கிறோம்.

எல்லா ஆதரவும் அசையக்கூடியதும் அல்ல. 2022-இல் டெக்சாஸின் 28-ஆம் தொகுதியின் உறுப்பினர் ஹென்றி குவெயாரை எதிர்த்து பிரைமரியில் ஜெசிகா சிஸ்னெரோஸ் நின்றார். குவெயார், கருக்கலைப்பு உரிமை மசோதாவை எதிர்த்து அவையில் ஓட்டளித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர். மே மாதத் தொடக்கத்தில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் உச்ச நீதிமன்றத்தின் வரைவுத் தீர்ப்பு கசிந்ததும், தலைவர்கள் அவருக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற குரல் வலுத்தது. அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி கருக்கலைப்பு உரிமைக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர், ஆனாலும் நகரவில்லை. அவர் ஆதரித்தது குவெயாரின் கருத்தை அல்ல, பதவியில் இருக்கும் தன் கட்சிக்காரரை. சபாநாயகருக்கு அது கிட்டத்தட்ட தொழில் தர்மம். கொள்கையைச் சொல்லி அவரை மாற்றப் பார்ப்பது கல்லில் நார் உரிக்கும் வேலை.

இந்த மாதிரி நேரத்தில் சின்னதாகக் கேட்கத் தெரிய வேண்டும். 2019-இல் இல்லினாயில், கருக்கலைப்பு உரிமையை எதிர்த்த உறுப்பினர் டான் லிபின்ஸ்கிக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் கலந்துகொள்ள, ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் பிரசாரக் குழுத் தலைவர் செரி பூஸ்டோஸ் ஒப்புக்கொண்டிருந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அதிலிருந்து விலகினார். ஆதரவு அப்படியே இருந்தது, மேடைக்கு மட்டும் வரவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் பிரைமரியில் லிபின்ஸ்கி, மேரி நியூமனிடம் தோற்றார். நடுநிலைக்கு வாருங்கள், இருவரையும் ஆதரியுங்கள், விளம்பரத்தில் உங்கள் படம் வேண்டாம், இந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று கேட்க எத்தனையோ படிகள் உண்டு. முழு வாபஸைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டோம் என்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை.

தாமதமும் கெடுக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் வாக்குச்சீட்டு 45 நாள் முன்பே போய்விட வேண்டும் என்பது சட்டம். பல மாநிலங்களில் முன்கூட்டிய வாக்குப்பதிவும் உண்டு. தேர்தலுக்கு முந்தைய வாரம் அனுப்பும் கடிதம், ஓட்டுப் போட்டு முடித்தவர்களைத் தொடப் போவதில்லை.

நம்மவர்களுக்கென்று இரண்டு விஷயம். தமிழ்ச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் இந்தக் கடிதத்தை எழுதவே கூடாது. 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இறங்கக் கூடாது என்பது 1954 முதல் சட்டம். தலைவர், செயலாளர் எல்லாரும் தனி மனிதர்களாகக் கையெழுத்திடலாம், சங்கத்தின் பெயரை இழுக்காமல்.

எச்1பி விசாவில் இருப்பவர் கடிதம் எழுதலாம், கருத்துச் சொல்லலாம். ஆனால் ‘உங்கள் வாக்காளன்’ என்று எழுத வேண்டாம், ‘தொகுதியில் குடியிருப்பவன்’ என்றால் போதும். குடியுரிமை பற்றிப் பொய் சொல்வது குடிவரவுச் சட்டத்தில் விளையாட்டல்ல. நன்கொடையும் கொடுக்கக் கூடாது. அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அவர் மசியவில்லை என்றால், அதோடு கடிதத்தை விட்டுவிட்டு, உங்கள் வேட்பாளருக்காகக் கதவு தட்டப் போங்கள். டெக்சாஸில் குவெயாருக்கும் சிஸ்னெரோஸுக்கும் நடந்த அந்த மே மாத மறுசுற்றில் (முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு இல்லாததால் வந்த இரண்டாம் சுற்று) பதிவானவை சுமார் 45,000 ஓட்டுகள். மறு எண்ணிக்கைக்குப் பிறகு குவெயார் ஜெயித்த வித்தியாசம் 289.