ஒரே பெயரில் இரண்டு கோயில்: சுற்றுலாச் செயலிக்கு இணைப்புத் தரவு தயாரிக்கும் முறை

தஞ்சாவூரில் இராஜராஜன் கட்டியது பிரகதீஸ்வரர் கோயில். அவர் மகன் இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டியதும் பிரகதீஸ்வரர் கோயில்தான். போதாததற்கு முன்னதற்குப் பெரிய கோயில், பெருவுடையார் கோயில், இராஜராஜேச்சரம் என்று இன்னும் மூன்று பெயர்கள். பெயரை நம்பிக் கட்டிய செயலியில் இரண்டு கோயில்களும் ஒன்றாகக் கலந்துவிடும், இல்லையென்றால் ஒரே கோயில் நான்கு இடங்களாகச் சிதறிவிடும். தஞ்சைக்கு வழி கேட்டவரை அரியலூர் மாவட்டத்துக்கு அனுப்பிவைப்பது இந்தக் குழப்பம்தான்.

இதைத் தீர்க்க வந்ததே இணைப்புத் தரவு. ஒவ்வோர் இடத்துக்கும் இணையத்தில் மாறாத ஒரு முகவரி கொடுப்பது, அந்த முகவரியில் கணினி படிக்கும் வடிவில் செய்திகளை வைப்பது, அதே இடத்துக்குப் பிறர் கொடுத்திருக்கும் முகவரிகளோடு அதை இணைப்பது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006-இல் எழுதிவைத்த விதிகளின் சாரம் இவ்வளவுதான். சோழர் கோயில்கள், மாமல்லபுரம், தரங்கம்பாடி போன்ற சில இடங்களை வைத்து, விரிதாளில் தொடங்கி வெளியீடு வரை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

உரிமத்தை முதலில் பாருங்கள்

பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடைசியில் பார்த்தால் எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது.

விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளமான விக்கித்தரவு 'சிசி0' உரிமத்தில் இருக்கிறது. எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். பொதுமக்கள் கூடி வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 'ஓடிபிஎல்' உரிமத்தில் இருக்கிறது. பெயர் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து எடுப்பவற்றுக்கு 2017-இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமம் பொருந்தும். அதிலும் மூலத்தைச் சொல்வது கட்டாயம். விக்கிமீடியா காமன்ஸ் படங்களுக்கு ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி உரிமம் உண்டு. படம் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தோடு சேர்த்தே சேமியுங்கள். கூகுள் மேப்பில் புள்ளியைத் தொட்டு எடுத்த எண்களைத் திறந்த தரவில் சேர்க்கவே கூடாது.

இரண்டு பழக்கங்கள் போதும். ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் மூலம், உரிமம் என இரண்டு பத்திகள் (விரிதாளின் நெடுவரிசைகள்) வையுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வந்தவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, அடையாள எண் வழியாக மட்டும் மற்றவற்றோடு சேருங்கள். அங்கிருந்து எடுத்த புள்ளிகளை விக்கித்தரவில் மொத்தமாக ஏற்றுவது உரிம மீறல். ஓடிபிஎல் தரவைச் சிசி0-ஆக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

அடையாள எண்ணில் எதையும் ஒளிக்காதீர்கள்

விரிதாளின் முதல் பத்தி உங்கள் சொந்த அடையாளம். 0001, 0002 என்று வெறும் எண் போதும். பெயரோ மாவட்டக் குறியோ அதில் வேண்டாம். மாமல்லபுரம் 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. அதே ஆண்டு குற்றாலம் தென்காசிக்குப் போனது. தரங்கம்பாடி 2020-இல் நாகப்பட்டினத்தை விட்டு மயிலாடுதுறை மாவட்டமானது. மாவட்டக் குறி வைத்து எண் கொடுத்திருந்தால் அன்றைக்கே இவையெல்லாம் தவறாகியிருக்கும். மாற்றினால் வெளியே கொடுத்த இணைப்புகள் எல்லாம் அறுந்திருக்கும்.

மாவட்டத்தைத் தனிப் பத்தியில், தொடங்கிய தேதியோடு வையுங்கள். விக்கித்தரவிலும் 'அமைந்துள்ள நிர்வாகப் பகுதி' என்ற பி131 பண்புக்கு (அங்கே ஒவ்வொரு வகைச் செய்திக்கும் 'பி' எண் உண்டு) தொடக்கத் தேதியும் (பி580) முடிவுத் தேதியும் (பி582) சேர்க்க இடமிருக்கிறது. பழைய மதிப்பை அழிக்காமல் முடிவுத் தேதி போட்டு வைத்தால் பழைய ஆவணங்களோடு பொருத்தும்போது உதவும்.

கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமியுங்கள். எக்செலில் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். தரவு கெடவில்லை, எக்செல் குறியாக்கத்தைத் தவறாக ஊகிக்கிறது. அந்த நிலையில் சேமித்துவிட்டால்தான் உண்மையிலேயே கெடும். 'டேட்டா' பட்டியலில் உள்ள இறக்குமதி வழியாகச் சென்று யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழை

தமிழ்த் தரவில் அதிக நேரத்தைத் தின்னும் இடம் இதுதான். 'கோயில்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். முதல் வகையில் சொல்லுக்கு 6 குறிகள், இரண்டாவதில் 7. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். தேடல் தோற்கும், பொருத்தம் விழாது, ஏன் என்றும் புரியாது.

எல்லாப் பெயர்களையும் 'என்எஃப்சி' என்ற யூனிகோடு நெறிப்பாட்டு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் யூனிகோடுடேட்டா என்ற உள்ளமைந்த தொகுதியால் ஒரே வரியில் முடியும். பயனர் தேடல் பெட்டியில் தட்டுவதையும் அதே வழியில் மாற்ற வேண்டும். தரவை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் ஆகும்.

என்எஃப்சி தீர்க்காதது ஒன்று உண்டு: ஸ்ரீ. இது 'ஸ' கொண்டும் எழுதப்படுகிறது, பிற்காலத்தில் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' கொண்டும் எழுதப்படுகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவம். குறிகளின் எண்ணிக்கையும் இரண்டிலும் 4, ஆகவே நீளத்தை எண்ணியும் பிடிக்க முடியாது. ஸ்ரீரங்கம் தேடினால் வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஏதாவது ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றதை மாற்றும் வரியை நீங்களே நிரலில் எழுத வேண்டும். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த பெயர்களில் அகலமில்லா இணைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றையும் நீக்குங்கள்.

கோயில், கோவில் வேறுபாடு இதில் சேராது. அது எழுத்து வழக்கு, இரண்டும் சரி. ஒன்றை முதன்மைப் பெயராக்கி மற்றதை மாற்றுப் பெயர்ப் பத்தியில் வையுங்கள்.

விக்கித்தரவோடு பொருத்துதல்

ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். கோப்பைத் திறந்து, பெயர்ப் பத்தியின் பட்டியலில் 'ரெகன்சைல்' தேர்ந்தெடுங்கள். இயல்பாக வரும் விக்கித்தரவுச் சேவை ஆங்கிலப் பெயர்களை முன்னிறுத்தும். அந்தச் சேவையின் முகவரியில் ஆங்கிலத்துக்கான ஈரெழுத்துக் குறி இருக்கும் இடத்தில் தமிழுக்கான குறியை இட்டுப் புதிய சேவையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வகையை 'இந்துக் கோயில்', அதாவது விக்கித்தரவு எண் கியூ842402 என்று குறுக்குங்கள். மாவட்டப் பத்தியையும் பி131-க்குத் துணையாகக் கொடுங்கள். பிரகதீஸ்வரர் இருவரையும் பிரித்துக்காட்டப் போவது அந்தப் பத்திதான்.

தானாகப் பொருந்தியதை அப்படியே ஏற்காதீர்கள். அதிக மதிப்பெண் என்பது பெயர் ஒத்துப்போனதற்கு. இடம் ஒத்துப்போனதற்கு அல்ல. பொருந்திய உருப்படியின், அதாவது விக்கித்தரவுப் பதிவின், புள்ளியை (பி625) இழுத்து வந்து, உங்கள் புள்ளிக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுங்கள். 500 மீட்டருக்கு மேல் இருந்தால் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உலக மரபுச் சின்னங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. தஞ்சைக் கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் சேர்க்கப்பட்டு, மூன்றும் ஒரே தொகுதியாயின. அந்தத் தொகுதிக்கான எண் 250. அந்த எண்ணை (பி757) மூன்று கோயில்களிலும் போட்டால், யுனெஸ்கோ பட்டியலோடு சேர்க்கும்போது ஒரு வரி மூன்றாகப் பெருகும். தொகுதிக்குத் தனி உருப்படி, எண் அங்கே, கோயில்கள் அதன் பகுதிகள் (பி361). மாமல்லபுரத்துக்கும் இதே முறைதான்: 249 என்ற எண் மொத்தச் சின்னக் குழுவுக்குரியது, கடற்கரைக் கோயிலுக்கு மட்டும் உரியது அல்ல.

விக்கித்தரவு இணைப்பை எழுதும்போது, உலாவியின் முகவரிப் பட்டையில் தெரிவதை நகலெடுக்காதீர்கள். அது கோயிலைப் பற்றிய பக்கத்தின் முகவரி. கோயிலுக்கான முகவரியில் 'விக்கி' என்ற இடத்தில் 'எண்டிட்டி' என்று வரும். தொடக்கமும் 'எச்டிடிபி'தான், 'எஸ்' சேராது. ஓர் எழுத்து மாறினாலும் கணினி அதை வேறு பொருளாகவே கொள்ளும்.

புள்ளி எங்கே விழ வேண்டும்

வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. பேச்சிலும் பெரும்பாலான வரைபடங்களிலும் நேர்மாறு. தஞ்சைப் பெரிய கோயில் அட்சரேகை 10.7828, தீர்க்கரேகை 79.1318; இரண்டையும் இடம் மாற்றினால் கோயில் வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிப் போய் நிற்கும். தமிழ்நாட்டுத் தரவுக்கு எளிய சோதனை: அட்சரேகை 8-க்கும் 14-க்கும் நடுவே, தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவே இல்லாத வரியை நிரல் ஏற்கவே கூடாது.

தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். அதற்கு மேல் வேண்டாம். விமானத்தின் மேல் ஒரு புள்ளி, நுழைவாயிலில் ஒரு புள்ளி என்று இரண்டு வையுங்கள். வரைபடத்தில் காட்ட முதலாவது, வழி சொல்ல இரண்டாவது. விமானப் புள்ளியை வழிகாட்டிக்குக் கொடுத்தால், மதிலுக்கு மிக அருகே இருக்கும் ஏதோ ஒரு தெருவில் கொண்டுபோய் விடும். கிழக்கே கேரளாந்தகன் வாயிலைத் தேடி மறுபடி நடக்க வேண்டும். முதியவர்களோடும் சக்கர நாற்காலியோடும் வருபவர்களுக்கு அது சின்ன அலைச்சல் அல்ல.

நேரம், கட்டணம், விழா

வெளிநாட்டு மாதிரிகளை அப்படியே எடுத்தால் நம் கோயில்கள் தடுக்கிவிழும் இடம் நடை சாத்தும் நேரம். ஒரே திறப்பு, ஒரே மூடல் என்று இரண்டு பத்திகள் மட்டும் வைத்தால் நண்பகலில் வருபவர் சாத்திய கதவைத்தான் பார்ப்பார். இணையப் பக்கத் தரவுக்கான பொதுச் சொற்களைத் தரும் ஸ்கீமா.ஆர்க் சொல்தொகுதியில் திறப்பு நேரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். மார்கழிக்குத் தனி நேரம் உண்டென்றால் தொடங்கும் நாளும் முடியும் நாளும் போட்டுச் சிறப்பு நேரமாகச் சேருங்கள். கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ற பத்தி இல்லாமல் நேரத்தை வெளியிடாதீர்கள்.

தொல்லியல் துறைக் கட்டணத்தை இந்தியர், வெளிநாட்டவர் என்று இரண்டாக மட்டும் பிரிப்பது தவறு. சார்க், பிம்ஸ்டெக் நாட்டினருக்கு இந்தியர் கட்டணமே; இலங்கையிலிருந்து மாமல்லபுரம் வருபவரிடம் செயலி பெரிய தொகையைக் காட்டக் கூடாது. 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை.

தஞ்சையின் ஐப்பசிச் சதயம், கங்கைகொண்ட சோழபுரத்தின் ஆடித் திருவாதிரை போன்றவை நட்சத்திரக் கணக்கில் வருபவை. ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். விழாவுக்கு ஒரு 'ஈவென்ட்-சீரீஸ்' பதிவு. அதில் மாதமும் நட்சத்திரமும் சொற்களாக. அதன் கீழ் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிகழ்வுப் பதிவு. அதில் உறுதியான தேதி, +05:30 நேர மண்டலத்தோடு.

வெளியீடு

ஒரு பதிவு முழுமையாகும்போது இப்படி இருக்கும். நேரம் மாதிரிக்காகவே, கோயிலில் உறுதிசெய்ததை இடுங்கள்.

முகவரி: உங்கள் தளம்/இடம்/0001
வகை: இந்துக் கோயில், சுற்றுலா ஈர்ப்பிடம்
பெயர், தமிழ்: தஞ்சைப் பெரிய கோயில்
மாற்றுப் பெயர்: பிரகதீஸ்வரர் கோயில், பெருவுடையார் கோயில், இராஜராஜேச்சரம்
அட்சரேகை: 10.7828
தீர்க்கரேகை: 79.1318
திறப்பு 1: எல்லா நாளும் 06:00–12:30
திறப்பு 2: எல்லா நாளும் 16:00–20:30
கட்டணமில்லா நுழைவு: ஆம்
அதுவேதான்: விக்கித்தரவு முகவரி
பகுதியாக உள்ளது: இடம்/0100, சோழர் பெருங்கோயில் தொகுதி

இதை இணைப்புத் தரவு எழுதப் பயன்படும் ஜேசன்-எல்டி வடிவில் ஒவ்வோர் இடத்தின் பக்கத்திலும் பதியுங்கள். முழுத் தொகுதியையும் சிஎஸ்வி, ஜியோஜேசன், ஜேசன்-எல்டி கோப்புகளாகவும் கொடுங்கள். பெயர்களுக்கு மொழிக் குறி கட்டாயம். இல்லாவிட்டால் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே பட்டியலில் விழுந்து, எதைக் காட்டுவது என்று செயலி தடுமாறும்.

இரண்டு முகவரிகளும் ஒரே பொருளுக்கு உரியவை என்று சொல்லும் 'அதுவேதான்' இணைப்பை இழுத்த இடமெல்லாம் போடாதீர்கள். கோயிலும் தஞ்சாவூர் நகரமும் ஒன்றல்ல. கோயிலும் மூன்று கோயில் தொகுதியும் ஒன்றல்ல. தவறாகப் போட்ட ஓர் இணைப்பு, நகரத்தின் மக்கள்தொகையைக் கோயிலின் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டும்.

ஸ்கீமா.ஆர்க் தளத்தின் சரிபார்ப்பானில் சோதியுங்கள். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனை தான் ஆதரிக்கும் சில வகைகளை மட்டுமே பார்க்கும். சுற்றுலா ஈர்ப்பிடத்துக்கு அது ஒன்றும் காட்டாவிட்டால் உங்கள் பதிவு தவறு என்று பொருளில்லை. தளத்தின் பெயர் பின்னாளில் மாறலாம் என்றால் முகவரிகளை 'டபிள்யூ3ஐடி' என்ற நிலைமுகவரிச் சேவை வழியாக அமையுங்கள். பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க பிரான்சின் டேட்டாடூரிசம் தளத்தின் சொல்தொகுதியைப் புரட்டலாம்.

மாதம் ஒருமுறை இரண்டு சோதனைகள். விக்கித்தரவில் இரண்டு உருப்படிகளை யாராவது இணைத்தால் பழைய எண் புதியதுக்குத் திருப்பிவிடும். உலாவியில் சிக்கல் தெரியாது, ஆனால் விக்கித்தரவைக் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்குல் வினவலில் பழைய எண் வெறுமையாகத் திரும்பும். வெறுமையாக வந்தவற்றைத் தேடி எண்ணை மாற்றுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் எண்ணை நிலையான அடையாளமாகக் கொள்ளவே வேண்டாம்: ஒரு புள்ளியாக இருந்த கோயிலை யாராவது மதிலோடு சேர்த்து வரைந்தால் புது எண் பிறக்கும். அங்கே கோயிலின் குறிச்சொற்களில் விக்கித்தரவு எண்ணைச் சேர்த்துவிட்டு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தேடும் ஓவர்பாஸ் வினவலில் அந்த எண்ணைக் கொண்டே தேடுங்கள். புள்ளி வரைவடிவமாக மாறினாலும் கோயில் அகப்படும்.