மட்டக்களப்பில் இருந்துகொண்டு நெப்ராஸ்காவில் ஒரு காதல் கதை எழுதுவது எப்படி

சென்ற மாரியில் வாசித்துப் பார்க்கும்படி என்னிடம் தரப்பட்ட கையெழுத்துப் படிகளில் மூன்று, அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தில் நிகழும் காதல் கதைகளாக இருந்தன. மூன்றிலும் குதிரை, கைத்துப்பாக்கி, மதுச்சாலை, கதாநாயகியைத் தூக்கிச் செல்லும் கொள்ளைக்காரன் எல்லாம் குறைவின்றி வந்திருந்தன. ஆண்டு குறிப்பிட்டிருந்த ஒரே படியில் கதாநாயகன் 1863இல் தன் காணியைச் சுற்றி முட்கம்பி அடிக்கிறான். ஜோசப் கிளிடன் என்ற இலினோய் விவசாயி அந்தக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றதோ 1874இல். சிறுவயதில் வாசித்த கௌபாய்ச் சித்திரக்கதைகளிலிருந்து இவை வந்தன என்பது எனக்குத் தெரியும், ஏனெனில் நானும் அவற்றைத்தான் வாசித்தேன். ஆனால் இந்த வகைக் கதையில் காதலுக்குக் குறுக்கே நிற்க வேண்டியது கொள்ளைக்காரன் அல்ல. காணியும் சட்டமும் தூரமும் அந்த வேலையை அவனைவிட நன்றாகச் செய்யும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நமக்கு அவை புதியனவும் அல்ல.

முதலில் ஆண்டையும் இடத்தையும் உறுதிசெய்யுங்கள். 1840களில் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து மேற்குக் கரையிலுள்ள ஒரிகனுக்குப் புறப்பட்டவர்கள், பெரும்பாலும் எருதுகள் இழுத்த கூடார வண்டில்களோடு ஏறத்தாழ 2,000 மைல் தூரத்தை நான்கிலிருந்து ஆறு மாதங்களில் கடந்தார்கள். அந்தக் காலத்தில் வழியனுப்பினால் அது பெரும்பாலும் இறுதி வழியனுப்பல்தான். 1869 மே 10ஆம் திகதி யூட்டாவிலுள்ள புரொமொன்ரறியில் இரு புகையிரதப் பாதைகள் இணைந்த பின்னர், கண்டத்தைக் கடக்க ஒரு வாரமளவே தேவைப்பட்டது. ஆகவே பிரிவே கதையின் உயிர் என்றால் முந்திய காலத்தையும், அயலில் இருந்தும் சேர முடியாத நிலையை எழுத விரும்பினால் புல்வெளி மாநிலங்களான 1870களின் நெப்ராஸ்காவையோ கன்சாஸையோ தேர்ந்தெடுக்கலாம். புதிதாக எழுதுவோருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதையே.

ஏனென்றால், 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்றக் காணிச் சட்டம் கதை கட்டுவோருக்குக் கிடைத்த புதையல். குடும்பத் தலைவராக இருப்பவரோ 21 வயது நிரம்பியவரோ, குடியுரிமை பெற்றவராகவோ அதைப் பெறும் எண்ணத்தை அறிவித்தவராகவோ இருந்தால், 18 டொலர் அளவிலான கட்டணத்தோடு 160 ஏக்கர் அரச காணியைத் தம் பெயரில் பதியலாம். ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து பயிர்செய்தால் அது அவருக்குச் சொந்தமாகும். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் இவ்வாறு பதியலாம், கணவனோடு வாழும் பெண் பொதுவாகப் பதிய முடியாது. இதிலிருந்து என்ன பிறக்கிறது என்று பாருங்கள். தன் காணியில் மூன்றாம் ஆண்டைக் கழிக்கும் ஒருத்தியும், அடுத்த காணியில் இரண்டாம் ஆண்டைக் கழிக்கும் ஒருவனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இருவரும் தத்தம் காணியிலேயே குடியிருந்தாக வேண்டும். மணமுடித்து ஒரே வீட்டுக்குள் வந்தால் மற்றக் காணி வெற்றிடமாகிவிடும். உண்மையிலேயே சிலர் எல்லைக்கோட்டின் மேல் வீட்டைக் கட்டி, பாதி இந்தக் காணியிலும் பாதி அந்தக் காணியிலுமாக வாழ்ந்தார்கள். எந்த வில்லனைக் கொண்டும் இப்படியொரு சிக்கலை உண்டாக்க முடியாது.

இங்கே நம்மவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் மகளுக்கே சீதனமாக எழுதப்படுகின்றன. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். குடி என்னும் குலப்பிரிவும் தாய்வழியாகவே வருகிறது. இதையெல்லாம் நாம் காற்றைப் போல எண்ணிப் பழகியதால், ஒரு படியில் கன்சாஸ் மாப்பிள்ளை மாமியார் வீட்டில் வந்து குடியேறியதை எழுதியவர் வழுவாகக் கருதவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது. ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்கா பெற்ற பழைய சட்டப்படி, மணமானதும் பெண்ணின் சொத்து கணவனின் ஆளுகைக்குள் போய்விடும். 1839இல் மிசிசிப்பியும் 1848இல் நியூயோர்க்கும் என மாநிலங்கள் தனித்தனியாக இதைத் திருத்தின. ஆகவே உங்கள் கதை நிகழும் மாநிலத்தில், அந்த ஆண்டில் எது சட்டம் என்பதைத் தேடிப் பாருங்கள். தன் பெயரில் 160 ஏக்கர் வைத்திருக்கும் பெண் ‘சம்மதம்’ என்று சொல்லத் தயங்குவது வெட்கத்தால் மட்டும் அல்ல என்பதை, ஆரையம்பதியில் தாய் எழுதிய வீட்டில் வாழும் ஒரு வாசகி உடனே புரிந்துகொள்வாள்.

அடுத்தது வீடு. மரமில்லாத அந்தப் புல்வெளியில், வேர்கள் பின்னிய மண்ணைக் கலப்பையால் பட்டை பட்டையாக உரித்து, செங்கல்போல அடுக்கித்தான் சுவர் எழுப்பினார்கள். சுவர் இரண்டடிக்கு மேல் தடித்திருந்ததால் கோடையில் குளிர்ச்சியும் பனியில் வெதுவெதுப்பும் கிடைத்தன. ஆனால் கூரையும் அதே மண் என்பதால், மழை ஓய்ந்த பின்னும் உள்ளே நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். மண் சோற்றுப் பாத்திரத்தில் விழாதபடி கூரையின் கீழே துணி கட்டுவார்கள். சில வேளை பாம்பும் அந்தத் துணியில் வந்து கிடக்கும். விறகுக்குப் பதில் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை எரித்தார்கள். உங்கள் காதலன் முதன்முதலாக அவளுடைய வீட்டுக்குள் வருவதற்குப் பூங்கொத்து தேவையில்லை. ஒழுகாத மூலைக்குக் கட்டிலை நகர்த்த இன்னும் இரண்டு கைகள் தேவை. ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அறையின் நடுவில் நிற்கட்டும். மாரிகாலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வட்டையில் காவலுக்குப் போய், வாடி என்னும் காவற்குடிலுக்குள் இரவைக் கழித்தவருக்கு இந்தக் காட்சியை எழுத வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அந்த நிலம் வெறுமையாகக் கிடந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நெப்ராஸ்காவில் போனி என்ற பூர்வகுடி மக்கள் மக்காச்சோளம் பயிரிட்டும் காட்டெருமை வேட்டையாடியும் வாழ்ந்தார்கள். 1870களின் நடுப்பகுதியில் அவர்கள் தெற்கே இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. ஆகவே ‘செவ்விந்தியர்’ என்ற ஒரே பெயரில் எல்லோரையும் அடைக்காமல் போனி, லக்கோட்டா, செயென் என்று இனப்பெயரோடு எழுதுங்கள். நம்மவர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றை மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் வேடர்களின் வேட்டைக்காடு சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் அடியில் போன கதையை அறிந்த அம்பாறை எழுத்தாளர், அரசாங்க வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்டிருக்கும் இடத்தை நம்பமாட்டார். குடியேறியவர்களும் எல்லோரும் வெள்ளையர் அல்லர். கன்சாஸில் 1877இல் நிக்கொடீமஸ் என்ற ஊரை நிறுவியவர்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள்.

மொழி பற்றி என் கருத்து சற்றுப் பிடிவாதமானது. உரையாடலில் ‘மறுகா’, ‘இஞ்ச வா கா’ என்று நம் பேச்சுவழக்கு வந்தால் வாசகர் அந்தக் கணமே நம்மூர்க் களுதாவளைக்குத் திரும்பிவிடுவார். ஆகவே பாத்திரங்கள் எளிய பொதுத்தமிழில் பேசட்டும். வண்டில், வாடி, வளவு போன்ற பெயர்ச்சொற்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அவை அந்த நிலத்துக்கும் பொருந்தும். ஆனால் மாட்டுப்பண்ணைக்காரரை, நம் பெருவயல்காரரைக் குறிக்கும் ‘போடியார்’ என்ற சொல்லால் எழுதாதீர்கள். வயலும் அதைக் கவனிக்கும் முல்லைக்காரரும் கோயில் மரியாதையும் சேர்ந்துதான் போடியார்.

முடிவைத் தேவாலயத் திருமணத்தில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து ஆண்டு நிறைந்ததும் காணி அலுவலகத்துக்குப் போய், அந்த நிலத்தில் வாழ்ந்ததையும் பயிர்செய்ததையும் நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகளைக் கொண்டு நிறுவ வேண்டும் என்று சட்டம் கேட்டது. சாட்சியாக வருபவர் வழமையாக அயல்காணிக்காரர்தான். எனவே அவள் தன் காணியை விட்டு ஒருபோதும் நீங்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியவன் அவனே. அந்த மேசையின் முன் அவன் பொய்யின்றிக் கையொப்பமிடுவானா, இல்லையா என்பதை அறிந்துகொண்டு, அதன் பிறகு முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்குங்கள்.