555 டைமர் கொண்டு லெவல் கிராசிங் விளக்குகளை மாறிமாறி எரியச் செய்வது எப்படி?

மாதிரி ரயில்பாதையின் லெவல் கிராசிங்கில் இரண்டு சிவப்பு விளக்குகள் மாறிமாறி எரிவதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்த 555 டைமர் ஐ.சி. (எட்டுக் கால்கள் கொண்ட மின்சுற்றுச் சில்லு) ஒன்றும் சில மின்தடைகளும் மின்தேக்கிகளும் போதும். மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காமல், தனியான 9 வோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்பைப் பயன்படுத்துங்கள். ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது தண்டவாளத்தின் மின்னழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும்.

முதலில் ஐ.சி.யைப் பிரெட்போர்டின் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை) நடுப்பள்ளத்தின் இருபுறமும் கால்கள் அமையும்படி பொருத்துங்கள். ஐ.சி.யின் ஒரு முனையில் உள்ள பிறைவடிவ வெட்டு மேலே இருக்கும்போது இடப்பக்க மேல் கால் 1. அங்கிருந்து கடிகார முள்ளின் எதிர்த்திசையில் எண்ண வேண்டும். கால் 1ஐ எதிர்முனையிலும், 4ஐயும் 8ஐயும் நேர்முனையிலும் இணையுங்கள். கால் 5க்கும் எதிர்முனைக்கும் இடையே 10 நானோஃபாரட் மின்தேக்கியை வையுங்கள்.

அடுத்து நேரத்தைத் தீர்மானிக்கும் பகுதி. கால் 8க்கும் 7க்கும் இடையே 1 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் இடையே 68 கிலோ ஓம் மின்தடைகளை வைத்து, 2ஐயும் 6ஐயும் ஒரு கம்பியால் சேர்த்து, அங்கிருந்து எதிர்முனைக்கு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அதன் எதிர்க்கால் எதிர்முனைப் பக்கம் வருமாறு இணையுங்கள். இந்த மின்தேக்கி, கொடுத்த மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஏறுவதும் மூன்றில் ஒரு பங்குவரை இறங்குவதுமாக இருப்பதால்தான் வெளியீடான கால் 3 மாறிமாறி உயர்ந்து தாழ்கிறது. ஏறும் நேரம் 0.693 × (1 கிலோ ஓம் + 68 கிலோ ஓம்) × 10 மைக்ரோஃபாரட், அதாவது சுமார் 0.48 வினாடி, இறங்கும்போது 68 கிலோ ஓம் மட்டுமே கணக்கில் வருவதால் 0.47 வினாடி. முதல் மின்தடையை வேண்டுமென்றே சிறியதாக வைத்திருப்பது, இரு விளக்குகளும் ஏறக்குறைய சமநேரம் எரிய வேண்டும் என்பதற்காகவே.

ஓர் எல்.இ.டி.யை 470 ஓம் மின்தடையுடன் கால் 3க்கும் எதிர்முனைக்கும் இடையிலும், மற்றொன்றை 680 ஓம் மின்தடையுடன் நேர்முனைக்கும் கால் 3க்கும் இடையிலும் இணையுங்கள். சாதாரண 555இன் வெளியீடு உயரும்போது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டைத் தன்னிடமே இழந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தால் ஒரு விளக்கு சற்று மங்கித் தெரியும்.

ரயில் வரும்போது மட்டும் விளக்குகள் எரிய வேண்டுமென்றால், இன்னொரு 555ஐ ஒருமுறை மட்டும் இயங்கும் டைமராக அமைக்கலாம். அதன் கால்கள் 1, 4, 5, 8 முன்போலவே. 6ஐயும் 7ஐயும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து நேர்முனைக்கு 470 கிலோ ஓம், எதிர்முனைக்கு 22 மைக்ரோஃபாரட் இணைத்தால் 1.1 × மின்தடை × மின்தேக்கி என்ற கணக்கில் சுமார் 11 வினாடி கிடைக்கும். கால் 2ஐ 10 கிலோ ஓம் வழியாக நேர்முனையுடனும், தண்டவாளத்தின் கீழே வைத்த ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் இணையும் சுவிட்ச்) வழியாக எதிர்முனையுடனும் இணைத்து, எஞ்சினின் அடியில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டுங்கள்.

இந்த டைமரின் கால் 3ஐ விளக்குச் சுற்றின் கால் 4இல் கொடுக்கத் தோன்றும்; அப்படிச் செய்தால் ஓய்வு நேரத்திலும் ஒரு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, விளக்குச் சுற்றின் நேர்முனை முழுவதையும் 9 வோல்ட்டிலிருந்து விடுவித்து, அதன் கால் 4, கால் 8, 680 ஓம் விளக்கின் நேர்முனைப் பக்கம் எல்லாவற்றையும் இந்த டைமரின் கால் 3இலிருந்தே இயக்குங்கள். எஞ்சின் சுவிட்சின் மேலேயே நின்றுவிட்டால் விளக்குகளும் தொடர்ந்து மின்னும். கேட்டில் ரயில் நிற்கும்போது அதுதானே முறை.