கிக் போட்டால் டாம் கேட்கிறதா? வி.எஸ்.டி. டிரம்ஸ் அமைப்பதில் நடக்கும் தவறுகள்

நண்பர் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதில் இசை மென்பொருளும், பதிவுசெய்த டிரம் சத்தங்களின் தொகுப்பை (லைப்ரரி) அதற்குள் ஒலிக்கவைக்கும் வி.எஸ்.டி. பிளக்-இன் ஒன்றும் இருந்தன. "காசு கொடுத்து வாங்கின டிரம் லைப்ரரி. கிக் போட்டா டாம் கேக்குது, ஹை-ஹாட் போட்டா டாம்பரின் கேக்குது. ஃபைல் கெட்டுப்போச்சு போல, வேற ஏதாவது வாங்கலாமா?" என்றார். (கிக் என்பது காலால் அடிக்கும் பெரிய டிரம், டாம் குச்சியால் அடிப்பது, ஹை-ஹாட் பெடலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்.) நோட்டுகளைக் கட்டம் போட்டுக் காட்டும் பியானோ ரோலைத் திறந்து பார்த்தேன். லைப்ரரி நன்றாகத்தான் இருந்தது. அவர் போட்ட நோட்டுகள் எல்லாம் ஓர் ஆக்டேவ் மேலே உட்கார்ந்திருந்தன.

இது அடிக்கடி நடப்பதுதான். பெரும்பாலான டிரம் லைப்ரரிகளின் முக்கியமான சத்தங்கள் 1991-இல் வந்த ஜெனரல் மிடி அட்டவணையை, அதாவது எந்தச் சத்தத்துக்கு எந்த நோட்டு எண் என்று சொல்லும் பொதுப் பட்டியலை, ஒட்டியே இருக்கும்: கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்த ஹை-ஹாட் 46, க்ராஷ் சிம்பல் 49, ரைடு சிம்பல் 51. எண்ணில் குழப்பமே கிடையாது, வில்லங்கம் பெயரில் இருக்கிறது. எண் 60-ஐ யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. இசை மென்பொருள்களில் கியூபேஸ், ஏபிள்டன் லைவ், லாஜிக் மூன்றும் யமஹா பக்கம். ரீப்பரில் அதுவே சி4. எஃப்.எல். ஸ்டுடியோவில் சி5! ஆக, அதே கிக் ஓரிடத்தில் சி1, இன்னோரிடத்தில் சி2, மற்றோரிடத்தில் சி3. நண்பர் ரீப்பரில் செய்த ஒரு வீடியோவைப் பார்த்து "கிக் = சி2" என்று குறித்துக்கொண்டு, கியூபேஸில் அப்படியே போட்டிருக்கிறார். அங்கே சி2 என்றால் எண் 48, அதாவது டாம். 42-இல் இருக்க வேண்டிய ஹை-ஹாட் 54-க்குப் போனதால் டாம்பரின். எல்லாவற்றையும் தேர்வுசெய்து பன்னிரண்டு செமிடோன் இறக்கினோம், முடிந்தது. பெயரை நம்பாதீர்கள், மிடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டவணையைத் தாண்டியதும் ஒவ்வொரு லைப்ரரியும் தன் இஷ்டத்துக்குப் போகும். பாதி திறந்த ஹை-ஹாட், ரிம் ஷாட் (ஸ்னேரின் விளிம்பையும் சேர்த்து அடிப்பது), சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்துவது இதெல்லாம் எங்கே இருக்கும் என்பது அவரவர் விருப்பம். பாட்டு முடிந்த பிறகு லைப்ரரியை மாற்றினால் முதலில் ஹை-ஹாட்டைக் கேளுங்கள், தப்பு அங்கேதான் மாட்டும்.

எலக்ட்ரானிக் டிரம் கிட் வைத்து வாசிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஹை-ஹாட் பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்ற தகவல் பொதுவாக கன்ட்ரோலர் எண் 4 வழியாக வரும். பிளக்-இன்னில் உங்கள் கிட்டுக்கான ப்ரீசெட்டை (தயார் அமைப்பை)த் தேர்வு செய்யாவிட்டால், என்னதான் மிதித்தாலும் ஹை-ஹாட் திறந்தே கிடக்கும், இல்லை மூடியே கிடக்கும். இரண்டாவது, நானே மாட்டிக்கொண்டது. ஸ்னேர் சத்தம் ஏதோ குழாய்க்குள் அடிப்பது போலக் கேட்டது. இரண்டு ராத்திரி, சத்தத்தின் குணத்தை மாற்றும் ஈக்யூவைத் திருகித் திருகிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், கிட்டோடு வரும் சத்தப் பெட்டியான மாட்யூலின் சொந்தச் சத்தமும் ஒரு கேபிள் வழியாக ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரே அடிக்கு இரண்டு ஸ்னேர், சில மில்லி விநாடி இடைவெளியில். மாட்யூலின் வால்யூமை இறக்கியதும் ஈக்யூவுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அடுத்தது லேட்டன்சி, அதாவது அடித்ததற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவில் உள்ள தாமதம். பஃபர் சைஸ் (கம்ப்யூட்டர் ஒரு தவணையில் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 1024, சாம்பிள் ரேட் 44,100 என்றால் அந்த ஒரு பஃபரே சுமார் 23 மில்லி விநாடி தாமதம். ஸ்னேரை எட்டு மீட்டர் தள்ளி வைத்து அதன் சத்தத்தைக் கேட்டபடி வாசிப்பதற்குச் சமம். 128-க்கு இறக்கினால் 3 மில்லி விநாடிக்குள் வந்துவிடும். டிரைவர், இன்டர்ஃபேஸ் சேர்த்துக் கொஞ்சம் கூடும், ஆனால் வாசிக்க முடியும். வாசிக்கும்போது சிறிய பஃபர், மிக்ஸ் செய்யும்போது பெரியது. விண்டோஸில் தாமதம் குறைந்த ஏஸியோ டிரைவரைத் தேர்வு செய்யாமல் சிஸ்டத்தின் பொது டிரைவரிலேயே ஓட்டிவிட்டு "கம்ப்யூட்டர் பத்தலை" என்று சொல்பவர்கள் ஏராளம். பஃபரைக் குறைத்தும் சத்தம் இழுத்தால் எல்லாச் சத்தமும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கைப் பாருங்கள், அங்கே லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ உட்கார்ந்திருக்கும். இவை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்வதால் தாமதத்தைச் சேர்க்கும். அப்புறம், புளூடூத் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு வாசிக்கவே வேண்டாம்.

சரி, சத்தம் வந்துவிட்டது. ஆனாலும் பொம்மை டிரம் மாதிரி இருக்கிறதே? ஒவ்வொரு அடியும் எவ்வளவு ஓங்கி விழுந்தது என்று சொல்லும் எண்ணான வெலாசிட்டியைத் திறந்து பாருங்கள், எல்லாம் உச்ச எண்ணான 127-இல் வரிசையாக நின்றால் காரணம் அதுதான். நல்ல லைப்ரரியில் வெலாசிட்டி என்பது சத்தத்தின் அளவு மட்டும் கிடையாது. மெதுவாக அடித்த ஸ்னேரைத் தனியாக ரெக்கார்ட் செய்திருப்பார்கள், ஓங்கி அடித்ததைத் தனியாக. எல்லாவற்றையும் 127-இல் வைத்தால், பணம் கொடுத்து வாங்கியதில் மேல் அடுக்கு ஒன்றை மட்டுமே கேட்கிறீர்கள். முக்கிய ஸ்னேர் அடிகளை 100-லிருந்து 115 வரை விடலாம், இடையில் வரும் மெல்லிய அடிகளை 25-லிருந்து 45 வரை. இதே காரணத்தால், மிக்ஸில் கிக் அதிகமாகத் தெரிகிறது என்று வெலாசிட்டியைக் குறைப்பதும் தப்பு. சத்தத்தின் குணமே மாறிவிடும். ஒலியளவைக் குறைக்கத்தானே மிக்ஸரில் ஃபேடர் இருக்கிறது?

குவான்டைஸ், அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து நிறுத்துவது, பற்றி ஒன்றே ஒன்று. டப்பாங்குத்துத் தாளம் 6/8 நடையில் ஓடுவது. அதை 4/4 ப்ராஜெக்டில் வாசித்துவிட்டு, பழக்கதோஷத்தில் நேரான பதினாறாம் பாகக் கட்டத்தில் குவான்டைஸ் செய்தால், அந்தக் குலுக்கல் செத்துப்போகும். மூன்று மூன்றாகப் பிரியும் ட்ரிப்ளெட் கட்டத்துக்கு மாற்றுங்கள், நூறு சதவீதம் இழுக்காமல் அறுபது, எழுபதில் நிறுத்திக் கேளுங்கள். அப்படியே, டிரம்மருக்குக் கை இரண்டுதான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். க்ராஷ், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்றும் ஒரே நொடியில் குச்சியால் விழுந்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும்.

மல்டி-அவுட் (ஒவ்வொரு டிரம்மையும் தனி ட்ராக்குக்கு அனுப்புவது) பக்கம் வந்தால் புதியவர்கள் செய்யும் முதல் காரியம், கிட்டுக்கு மேலே வைத்த ஓவர்ஹெட் மைக்கையும் அறையின் சத்தத்தைப் பிடிக்கும் ரூம் மைக்கையும் மியூட் செய்வது. "ஸ்னேர் அதில கலங்குது" என்பார்கள். கலங்கத்தான் வேண்டும்! ஸ்னேருக்கு உடம்பு வருவதில் பாதி ஓவர்ஹெட்டிலிருந்துதான். அதை மூடிவிட்டு ரிவெர்ப் போட்டு ஈடுகட்டப் பார்த்தால் அட்டைப்பெட்டி பாத்ரூமில் விழுந்தது போல இருக்கும். டாம்களைப் பேன் செய்யும்போதும் (இடம், வலம் பிரித்து வைக்கும்போதும்) கவனம் தேவை. ஓவர்ஹெட் டிரம்மர் பார்வையில் இருக்கிறதா, எதிரே உட்கார்ந்தவர் பார்வையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது இடப்பக்கமும் உங்கள் பேன் வலப்பக்கமும் போனால் ஒவ்வொரு டாமும் இரண்டு இடத்தில் அடிக்கும். தனி ட்ராக்குக்கு அனுப்பிய பிறகும் சத்தம் முதல் அவுட்புட் ஜோடியிலேயே வந்தால், பிளக்-இன்னுக்குள் இருக்கும் மிக்ஸரில் அவுட்புட்டை மாற்ற மறந்திருப்பீர்கள். பிளக்-இன், இசை மென்பொருள் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

ப்ரீசெட்டில் ஏற்கெனவே கம்ப்ரஸர், ஈக்யூ எல்லாம் ஏற்றித்தான் தருவார்கள். அதன்மேல் உங்கள் பங்குக்கு இன்னொரு சுற்று ஏற்றும் முன் உள்ளே இருப்பதை அணைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, மிக்ஸ் செய்பவருக்கு ப்ராஜெக்ட் ஃபைலை அப்படியே அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை அனுப்பினேன். மறுநாள் காலையில் போன்: "பாட்டு நல்லாருக்கு தம்பி, டிரம்ஸ் எப்ப அனுப்புவீங்க?" அவரிடம் அந்த லைப்ரரி இல்லை. அன்றிலிருந்து கிக், ஸ்னேர், டாம், ஓவர்ஹெட், ரூம் ஒவ்வொன்றையும் தனித்தனி 24 பிட் வேவ் ஃபைலாக, எல்லாம் முதல் பாரிலிருந்தே தொடங்கும்படி எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். மிடி ஃபைலும் கூடவே போகும், அவர் ஸ்னேரை மாற்ற நினைத்தால் உதவும்.