கோல்ஃப் ஹேண்டிகேப் கணக்கிடும் முறை: நுவரெலியாவில் ஆடத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஹேண்டிகேப் என்பது ஒருவர் சராசரியாக எப்படி ஆடுகிறார் என்பதைக் காட்டும் எண் என்றுதான் புதிதாக ஆடத் தொடங்குவோரில் பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒருவர் நன்றாக ஆடிய சுற்றுகளை மட்டும் எடுத்துப் போடும் கணக்கு. இதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் சூத்திரங்கள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். 2020ஆம் ஆண்டிலிருந்து உலக ஹேண்டிகேப் முறை என்ற ஒரே முறை நடைமுறையில் இருப்பதால், 1889இல் தொடங்கிய நுவரெலியாக் கழகத்தில் ஆடினாலும் திகனையில் உள்ள விக்டோரியா மைதானத்தில் ஆடினாலும் கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

படி 1: ஸ்கோர் கார்டில் உள்ள எண்களைப் படித்துக்கொள்ளுங்கள்

மைதானத்தின் பார் (ஒரு குழிக்கோ முழு மைதானத்துக்கோ பந்தை இத்தனை தடவை அடிக்கலாம் என்று குறித்த எண்), கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் ரேட்டிங் ஆகிய மூன்றும் நமக்குத் தேவை. இவை கார்டில் இல்லாவிட்டால் கழக அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹேண்டிகேப் பூச்சியமாக உள்ள தேர்ந்த ஆட்டக்காரர் அந்த மைதானத்தில் எடுக்கக்கூடிய அடிகளின் மதிப்பீடு. ஸ்லோப் ரேட்டிங், அதே மைதானம் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைக் காட்டுகிறது. அது 55 முதல் 155 வரை இருக்கும். 113 என்பது நியம அளவு.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருப்பதால் அங்குள்ள அடர்த்தி குறைந்த காற்றில் பந்து சற்று அதிக தூரம் போகும். அந்தச் சாதகமும் மைதானத்துக்கு ரேட்டிங் கொடுக்கும்போதே கணக்கில் சேர்க்கப்பட்டுவிடுகிறது. ஆகவே நீங்கள் தனியாக எதையும் கழிக்க வேண்டியதில்லை.

படி 2: ஒவ்வொரு குழிக்கும் உச்ச வரம்பு வையுங்கள்

ஒரே குழியில் பந்து ஓடைக்குள்ளும் சைப்பிரஸ் மரங்களுக்கிடையிலும் மாறி மாறிப் போய்ப் பன்னிரண்டு அடி ஆகிவிடுவது தொடக்கக்காரருக்கு வழக்கமானதே. அந்த ஒரு குழி முழுக் கணக்கையும் கெடுத்துவிடாதிருக்க, இன்னும் ஹேண்டிகேப் பெறாதவருக்கு ஒரு குழியின் உச்சம் பாரை விட 5 அடி கூடுதல் என்பது விதி. பார் 4 குழியில் 12 அடித்திருந்தாலும் ஹேண்டிகேப் கணக்கில் 9 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஹேண்டிகேப் கிடைத்த பிறகு இந்த வரம்பு மாறும். அதைப் படி 5இல் பார்ப்போம்.

படி 3: டிஃபரன்ஷியலைக் கணியுங்கள்

படி 2இன்படி திருத்திய மொத்த அடிகளிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, வரும் விடையை 113ஆல் பெருக்கி, ஸ்லோப் ரேட்டிங்கால் வகுத்து, ஒரு தசமதானத்திற்கு மட்டந்தட்டினால் கிடைப்பதே டிஃபரன்ஷியல்.

விளக்கத்திற்காக மட்டும், பார் 71, கோர்ஸ் ரேட்டிங் 69.4, ஸ்லோப் 123 உள்ள ஒரு மைதானத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஒருவர் மூன்று சுற்றுகள் ஆடி, திருத்திய பின் 109, 108, 115 என்று அடிகள் எடுத்திருக்கிறார். முதற் சுற்றில் 109இலிருந்து 69.4ஐக் கழித்தால் 39.6, அதை 113ஆல் பெருக்கி 123ஆல் வகுத்தால் 36.4. மற்ற இரண்டும் இதே வழியில் 35.5, 41.9 என்று வரும்.

மூடுபனியும் மழையும் எல்லோருடைய ஆட்டத்தையும் குழப்பிய நாளென்றால், அன்று பதிவான ஸ்கோர்களைப் பார்த்துக் கணினியே −1 முதல் +3 வரை ஒரு திருத்தம் செய்யும். அந்த எண்ணும் கோர்ஸ் ரேட்டிங்குடன் சேர்த்துக் கழிக்கப்படும். அதை நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை.

படி 4: இன்டெக்ஸைப் பெறுங்கள்

குறைந்தது 54 குழிகள், அதாவது மூன்று முழுச் சுற்றுகள், உடன் ஆடியவரின் கையொப்பத்துடன் பதிவாகியிருக்க வேண்டும். ஒன்பது குழி ஆட்டங்களும் செல்லும். மூன்று ஸ்கோர்கள் மட்டும் இருக்கும்போது, மிகக் குறைந்த டிஃபரன்ஷியலிலிருந்து 2 கழிக்கப்படும். நமது ஆட்டக்காரருக்கு 35.5இலிருந்து 2 போக, ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 33.5 ஆகிறது. ஆண், பெண் இருபாலாருக்கும் உச்சம் 54.0.

ஸ்கோர்கள் சேரச் சேர, எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கையும் கூடும். இருபது சேர்ந்தபின், கடைசி இருபதில் மிகச் சிறந்த எட்டின் சராசரியே இன்டெக்ஸ். மற்றப் பன்னிரண்டும் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பொருட்டில்லை. ஆகவே தனது ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடுவது ஒருவருக்கு ஏறத்தாழ நாலைந்து சுற்றுக்கு ஒரு முறைதான் வாய்க்கும். மற்ற நாட்களில் இரண்டு மூன்று அடி கூடினால் மனம் தளர வேண்டியதில்லை.

படி 5: இன்டெக்ஸை மைதானத்திற்கேற்ப மாற்றுங்கள்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். 33.5 என்பது நேரடியாகச் சலுகை அடி (உங்கள் மொத்த அடிகளிலிருந்து கழித்துக்கொள்ளும் எண்) அல்ல. அதை ஸ்லோப் ரேட்டிங்கால் பெருக்கி, 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வரும் எண்ணைக் கூட்ட வேண்டும். நமது உதாரணத்தில் 33.5ஐ 123ஆல் பெருக்கி 113ஆல் வகுத்தால் 36.46. 69.4இலிருந்து 71 போனால் −1.6. இரண்டும் சேர்ந்து 34.86, மட்டந்தட்டினால் 35. இதுவே அந்த மைதானத்திற்கான கோர்ஸ் ஹேண்டிகேப். அதே ஆட்டக்காரர் பார் 73, ரேட்டிங் 73.5, ஸ்லோப் 135 உள்ள கடினமான மைதானத்திற்குப் போனால் 41 அடி பெறுவார்.

இந்த 35ஐ எந்தெந்தக் குழிகளில் பங்கிடுவது என்பதைக் கார்டில் உள்ள ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் வரிசை (குழிகளுக்கு 1 முதல் 18 வரை இட்ட இலக்கம்) சொல்லும். பதினெட்டுக் குழிக்கும் ஒவ்வொன்று கொடுத்தபின் 17 மீதியிருப்பதால், 1 முதல் 17 வரை இலக்கமிட்ட குழிகளுக்கு இரண்டாவது அடியும் கிடைக்கும். 18 என்று குறித்த குழிக்கு மட்டும் ஒன்றோடு சரி. ஆட்டம் தொடங்குமுன் அந்தந்தக் குழிக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளியோ இரண்டு புள்ளிகளோ வைத்துக்கொள்வது நல்லது.

படி 2இல் சொன்ன புதிய உச்ச வரம்பும் இந்தப் புள்ளிகளிலிருந்தே வருகிறது: பார், அதற்கு மேல் இரண்டு, அதற்கு மேல் அந்தக் குழியில் உங்களுக்குரிய சலுகை அடி. இரண்டு புள்ளி உள்ள பார் 4 குழியில் உச்சம் 8.

படி 6: நெட் ஸ்கோரைப் பாருங்கள்

அடுத்த சுற்றில் அவர் 106 அடித்தால், 35 கழித்து நெட் 71. அதாவது பாருக்குச் சமம். கழகப் போட்டியாக இருந்தால் மொத்த அடிகளை எண்ணும் தனிநபர் ஸ்ட்ரோக் ஆட்டத்திற்குப் பொதுவாக 95 சதவீதமே அனுமதிக்கப்படும். அப்போது மட்டந்தட்டாத 34.86இலிருந்து கணக்கிட்டு 33 அடிகள்தான் கிடைக்கும். 106 அடித்தவரின் நெட் 73 ஆகிவிடும்.